மாமா வண்டியின் பின்கதவு

மாமா சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் கழித்து ஒரு பழைய எஸ்யூவி வாங்கினார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யாரும் அதை எஸ்யூவி என்று சொல்ல மாட்டார்கள். ஃபோர்வீல் என்பார்கள். கரும்பச்சை நிறம், துணி சீட்டு, பட்டனை அழுத்தினால் இறங்குகிற கண்ணாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை அம்மாவின் கையில் கொடுத்தார்.

“வயித்துல ஏழு மாசம் ஆச்சுக்கா. இனிமே கிளினிக்குக்கு மோட்டார்ல போவாதீங்க. நான் பஸ்ல போய்க்கிறேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்.”

அப்பா உள்ளேதான் இருந்தார். மாமா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் வெளியே வரவில்லை. இரண்டு பேரும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் இதுதான். அப்பா சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் கித்தாத் தோட்டத்தை, அதாவது ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் மரப்பட்டையில் கோடு வெட்டி, பால் எடுத்து, ரப்பர் வாங்குகிற சீனத் தவ்கே கடையில் போடுவார். ஒரு ஞானஸ்நான விருந்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா சிரித்துக்கொண்டே, “இன்னும் எத்தன வருஷத்துக்கு மச்சான் இந்தப் பால் நாத்தத்தோட திரிவீங்க? எங்கூட சிங்கப்பூர் வந்துருங்க” என்று சொல்லிவிட்டார். நல்லதாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். அப்பா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அம்மாவுக்கு உடன்பிறந்தவர் மாமா ஒருவர்தான். அந்த இரண்டு வருஷத்தில் அம்மா எந்தப் பக்கமும் பேச முடியாமல் பட்ட பாடு எனக்குத் தெரியாது. சாவியை வாங்கியபோது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. “சனிக்கிழமை ராத்திரி இங்கயே தங்கிரு. ஞாயித்துக்கெழமை எல்லாரும் ஒண்ணா பூசைக்குப் போவோம்” என்று அம்மா சொன்னதும் மாமா தலையாட்டினார்.

புதன்கிழமை அப்பா அம்மாவை அந்த வண்டியில் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். முன்பு செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர், அதனால் நன்றாகவே ஓட்டினார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த வாரம் மழை. பால் வெட்ட முடிந்தது ஒரு நாளோ இரண்டு நாளோதான். அதற்கு முன் சேர்ந்த ஒட்டுப்பால் மூன்று சாக்கு, வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. ஒட்டுப்பால் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மரத்தில் கட்டியிருக்கிற கோப்பையில் பால் தானாகவே உறைந்து கட்டியாகிவிடும். அதைச் சேர்த்து வைத்தால் வருகிற நாற்றம் இருக்கிறதே, பன்றிகூட அந்தப் பக்கம் போகாது. வெள்ளிக்கிழமை அப்பாவின் மோட்டார் சைக்கிள் டயர் பஞ்சர். அப்பா மாமாவின் வண்டியைப் பார்த்தார்.

“வேணாங்க. தம்பி வண்டி” என்றார் அம்மா.

“பிளாஸ்டிக் விரிச்சுத்தானே ஏத்தப் போறேன்? ஒரு தடவதான். நாத்தம் ஒரு மணி நேரத்துல போயிரும்.”

மூன்று சாக்கும், அன்று வெட்டிய பால் ஒரு வாளியும் பின்னால் ஏறின. நான் பின் சீட்டில் மண்டியிட்டுப் பின்பக்கம் திரும்பி, வாளியின் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் என் வேலை. எனக்கு ஒன்பது வயது. ஒரு கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கண்ணாடிப் பட்டனை அழுத்திப் பார்த்தேன். கண்ணாடி இறங்கியது. ஏற்றினேன். ஒரு கையால் அழுத்தினால் அவ்வளவு சுகமில்லை என்று இரண்டு கையையும் எடுத்தேன். அந்த நேரம் பார்த்துச் செம்மண் சாலையில் ஒரு பள்ளம்.

தவ்கே கடை பூட்டியிருந்தது. ஒரு சாவு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அப்படியே திரும்பினோம். வீட்டுக்கு வந்து அப்பா பின்கதவைத் திறந்தபோதுதான் பார்த்தார். வாளி சாய்ந்து, பால் பிளாஸ்டிக்கைத் தாண்டிக் கதவு ஓரம் வரைக்கும் வெள்ளையாக ஓடியிருந்தது.

“மூடிய விட்டுட்டியா?”

“இல்லப்பா. பள்ளத்துல தானா சாஞ்சிருச்சு.”

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். மேலே கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த பாலைத் துணியால் துடைத்தார். மழை பிடித்துக்கொண்டது. சாக்கைக் காலையில் இறக்கிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திவிட்டார்.

காலையில் கதவு திறக்கவில்லை.

கைப்பிடி கொஞ்சம் அசைந்தது. கதவு அசையவில்லை. அப்பா காலை ஊன்றி இழுத்தார், தட்டினார், மறுபடி இழுத்தார். பிறகு குனிந்து இடுக்கில் பார்த்தார். வண்டியின் பின்கதவுக்கு அடியில் கொக்கி மாதிரி ஓர் இரும்பு நாக்கு இருக்கும். வண்டித் தளத்தில் இருக்கிற வளையத்தை அது கவ்விக்கொள்ளும். கைப்பிடியைத் தூக்கினால் உள்ளே ஒரு கம்பி இழுத்து, நாக்கு வளையத்தை விட்டுவிடும். அந்த நாக்குக்குள் பால் போய் ராத்திரியே உறைந்து ரப்பராகிவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் மாமா வருவார். அவர் வண்டிக்குள் மூன்று சாக்கு ஒட்டுப்பால். சாக்கைச் சீட்டுக்கு மேலாக இழுத்து எடுக்கலாமென்றால் துணி சீட்டு. சாக்கிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் சொட்டும். பட்டணத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாமென்றால் அவர் மாமாவின் கூட்டாளி.

அம்மா வாசலில் நின்றபடி, “அவன் வாயால இன்னொரு வார்த்த வந்துருச்சுன்னா நீங்க மறுபடி எந்திரிச்சுப் போயிருவீங்க. எனக்குத் தெரியும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அப்பா உடனே போய் மண்ணெண்ணெய் டின்னை எடுத்து வந்தார்.

கையில் ஒட்டிய பாலை அப்பா எப்போதும் மண்ணெண்ணெய் போட்டுத்தான் தேய்த்து எடுப்பார். அந்தப் பழக்கத்தில் இடுக்கு வழியாக அரை டின் ஊற்றினார். ஒரு மணி நேரம் ஊறட்டும் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார். திரும்பி வந்து கைப்பிடியைத் தூக்கினால், முன்பு கொஞ்சமாவது அசைந்தது இப்போது சுத்தமாக அசையவில்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம், வேலி ஓரம் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். “அலமாக். கித்தா மண்ணெண்ணெய் குடிச்சா வீங்கும்லா. இத்தன வருஷமா பால் வெட்டற, ஒனக்குத் தெரியாதா?” என்று மலாயில் கேட்டார்.

“தெரியும்” என்றார் அப்பா. “காப்பி குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு.”

பாக்சிக் சிரித்துக்கொண்டே போய், நீளமூக்குக் குறடு ஒன்றையும் டார்ச் லைட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். வெளியிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது, உள்ளே போய்ப் பார் என்றார்.

அம்மாவின் பழைய கைலி இரண்டைச் சீட்டின் மேல் விரித்து, அதன் மேல் தவழ்ந்து அப்பா பின்னால் போனார். அவரை அடுத்து நான். இரண்டு பேரும் ஒட்டுப்பால் சாக்கின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டோம். நான் டார்ச்சைப் பிடித்தேன். நாற்றத்தோடு மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்தது. கதவின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பலகையால் மூடியிருந்தது. அதைப் பிடித்திருப்பது ஸ்குரூ இல்லை, உள்ளே அமுங்கிப் பிடிக்கிற கிளிப்புகள். தட்டை ஸ்குரூ டிரைவரை ஓரத்தில் கொடுத்து அப்பா நெம்பினார். ‘டக்’கென்று ஒன்று கழன்றது. அடுத்தது கழன்றது. மூன்றாவது உடைந்தது.

“ஒடைஞ்சிருச்சுப்பா.”

“பாத்தேன். லைட்ட ஆட்டாத.”

பலகை வந்துவிட்டது. உள்ளே கம்பியும் நாக்கும் தெரிந்தன. நாக்கு தெரிந்ததென்று சொல்வது தப்பு. அதைச் சுற்றி மஞ்சளும் பழுப்புமாக ரப்பர் உப்பிக்கொண்டு நின்றது. அப்பா குறடால் பிய்த்தார். துண்டு துண்டாக வந்தது, ஆனால் உள்ளே இருப்பது உள்ளேயே இருந்தது. வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. கொஞ்ச நேரம் குறடைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவசரமில்லாமல், ஒரு விரலை மட்டும் உள்ளே விட்டுத் தடவினார். காலையில் மரம் வெட்டும் முன், வெட்டின கோட்டில் காய்ந்து கிடக்கிற பாலை எடுப்பார்கள். நடுவில் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். நுனியைக் கண்டுபிடித்து மெதுவாக உரித்தால் நாடா மாதிரி முழுசாக வந்துவிடும். அப்பா அந்த நுனியைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததும் குறடால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார். மண்ணெண்ணெயில் ஊறிய நாடா மெதுவாக, வளைந்து வளைந்து வந்தது. பாதியில் அறுந்தது. மறுபடி நுனியைத் தேடினார். மறுபடி இழுத்தார். கடைசித் துண்டு வந்ததும் ஸ்குரூ டிரைவரால் நாக்கின் பக்கத்திலிருந்த இரும்பைத் தள்ளினார்.

கதவு திறந்தது. வெளிச்சமும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. வாசலில் நின்ற அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று கையை மட்டும் ஆட்டினார்.

அப்போது மணி இரண்டரை. சாக்கை இறக்கினோம். சோப்புத் தூள் போட்டு மூன்று தடவை கழுவினோம். அப்பா நாக்குக்கு மோட்டார் எண்ணெய் போட்டுப் பலகையை மாட்டினார். ஒரு மூலை மட்டும் சேராமல் விரல் அகலத்துக்கு விலகி நின்றது. அம்மா தோட்டத்தில் இருந்த வாசனைப் பாண்டான் இலை முழுவதையும் வெட்டிக் கட்டி வண்டிக்குள் போட்டார். அதன் பிறகு வண்டிக்குள் பாண்டான் இலைக்கு நடுவே ஒட்டுப்பாலை வைத்த மாதிரி ஒரு வாசம் அடித்தது.

ஐந்தரைக்கு மாமா வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு நேராக வண்டியிடம்தான் போனார். பின்கதவைத் திறந்தார். குனிந்து நாக்கைப் பார்த்தார். அதன் மேல் ஸ்குரூ டிரைவர் கீறியது புதிதாக மின்னியது. விலகி நின்ற பலகையை விரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

அப்பா குளித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். அம்மா அடுப்பங்கரை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“மாப்ள, ஒண்ணு சொல்லணும். ஒங்க வண்டில நான்...”

“பின்கதவா மச்சான்?” என்றார் மாமா. “நான்தான் சொல்ல மறந்துட்டேன். அது முன்னாடியே மாட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. சிங்கப்பூர்ல ரெண்டு பேரு பாத்துட்டுக் கைய விரிச்சுட்டாங்க. ஒங்களுக்குத்தான் செரமம்.”

அப்பா சட்டைப் பொத்தானைக் கடைசி வரை போட்டு முடித்தார்.

“ஆமா, கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துச்சு. சரி பண்ணிட்டேன். வாங்க, சாப்பிடலாம்.”

அந்த வாரம் முழுக்கக் கதவை ஆசையாகத் திறந்து மூடியது நான்தான். அது ஒரு தடவைகூடச் சிக்கியதில்லை. இருந்தாலும் மாமா சொன்னதை அப்படியே நம்பினேன். நம்புவது எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. கெட்டுப்போன கதவைச் சொல்லாமல் நம் தலையில் கட்டிவிட்டாரே என்று கோபமும் வந்தது. அவர் கொண்டுவந்த சாக்லேட்டை நான் தொடவில்லை. அம்மாவிடம் போய், “மாமா ஏம்மா ஏமாத்துனாரு?” என்று கேட்டேன். அம்மா என் வாயில் ஒரு வடையைத் திணித்தார்.

மறுநாள் எல்லோரும் குளுவாங் மாதா கோவிலுக்கு அந்த வண்டியில் போனோம். நாலு கண்ணாடியும் கீழே இறங்கியிருந்தன. ஏன் ஏர்கான் போடவில்லை என்று கேட்டேன். வயித்துப் பிள்ளைக்கு வெளிக்காற்று நல்லது என்றார் மாமா.

பூசைக்கு முன் ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருந்தார். வாளி மூடியை விட்டதையும் அப்பாவிடம் பொய் சொன்னதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் பயந்திருக்க வேண்டியவன் நான். இப்போது அந்தப் பாவம் என் கணக்கில் இல்லை என்று நிம்மதியாகப் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். மாமா எழுந்து வரிசையில் போய் நின்றார். சரிதான், செய்ததைச் சொல்லட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் எழுந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் மட்டும் அங்கே போகிறவர், மாமாவுக்குப் பின்னால் போய் நின்றார். மாமா திரும்பிப் பார்த்து அவருக்கு இடம் விட்டார்.

மாமா போனார், சீக்கிரமே வந்துவிட்டார். கெட்ட வண்டியைக் கொடுத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அப்பாதான் ரொம்ப நேரம் உள்ளே இருந்தார். சாக்கின் மேல் படுத்து, கையெல்லாம் கிழித்துக்கொண்டு கதவைச் சரிபண்ணிக் கொடுத்த மனிதருக்கு அங்கே சொல்ல என்ன இருந்தது என்பது எனக்குப் புரியவே இல்லை.