கால் மாத்திரை

புறநோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவளுக்குக் 'கிளி டீச்சர்' என்று பட்டப்பெயர். எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை வாங்குகிறவர் தன் வாயால் திருப்பிச் சொன்னால்தான் மருந்துப் பையைக் கையிலிருந்து விடுவாள். வரிசையில் நிற்பவர்கள் முனகுவார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. இந்தப் பழக்கம் வந்த பிறகு மருந்தை மாற்றிச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் குறைந்திருந்தார்கள்.

அன்று ஒரு வயதான தச்சர் வந்தார். இதயம் பலவீனம், இரண்டு கால்களிலும் நீர் கோத்து வீக்கம். துடிப்பைச் சீராக்கும் மாத்திரையில் கால் பங்கு போதுமென்று டாக்டர் எழுதியிருந்தார். அளவு கூடினால் ஆளையே சாய்த்துவிடும் மருந்து.

"பெரியவரே, தினம் காலையில கால் மாத்திரை. எங்க, சொல்லுங்க?"

"தினம் காலையில கால் மாத்திரை."

ஓர் எழுத்தும் பிசகவில்லை. பையைக் கொடுத்தனுப்பினாள்.

அடுத்து நின்ற தையற்காரி ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். "அக்கா, எனக்கும் முட்டி வலி உயிர் போகுது. அவருக்குக் கொடுத்தீங்களே கால் மாத்திரை, அதுல எனக்கும் ஒரு அட்டை போடுங்களேன்."

"அடி போடி, அது கால் வலிக்கு இல்ல..." சிரிக்கத் தொடங்கியவளுக்குச் சிரிப்பு பாதியில் செத்தது.

வாசலுக்கு ஓடினாள். பஸ் போய்விட்டிருந்தது. சீட்டில் இருந்த எண் வெளியூரிலிருக்கும் மகளுடையது. அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"அதான் சரியாத் திருப்பிச் சொன்னாரேம்மா. உங்க மேல தப்பில்ல, விடுங்க" என்றார் மேலதிகாரி.

"தப்பு யாரு மேலன்னு கேக்கல சார். அவரு வீடு எங்கன்னு கேக்குறேன்."

அது யாருக்கும் தெரியவில்லை.

சில நாட்கள் கழித்துத்தான் மகள் போனை எடுத்தாள். அவள் கொடுத்த, அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணில் அழைத்ததும் தச்சர் பேசினார்.

"அந்த மாத்திரையை எப்படிப் போடுறீங்க?"

"நீங்க சொன்னபடிதாம்மா. ரெண்டு காலும் வீங்கியிருக்கே, காலுக்கு ஒண்ணு. ஆனா சோத்தைப் பாத்தாலே குமட்டுது. பாக்குறதெல்லாம் மஞ்ச மஞ்சளாத் தெரியுது."

"இனிமே தொடாதீங்க. இப்பவே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"எழுந்தா தலை சுத்துதும்மா. பொண்ணு வரட்டும்."

"பொண்ணு வர்ற வரைக்கும் தாங்காது! பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட போனைக் குடுங்க. வண்டி பிடிக்கச் சொல்றேன்."

"போனை என் கையில குடுத்துட்டு அவரு வெளியே போயிட்டாரே..."

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.