இப்பத்தான் கட்டினது

ஏலத் தோட்டத்திலிருந்து ஜீப்பு இறங்கும்போது போடிமெட்டில்தான் டவர் கிடைக்கும். சம்பள நாளென்றால், என் பக்கத்தில் உட்காரும் அக்கா அங்கே போனை எடுத்துவிடுவார். யாருக்கு சிக்கன் ரைஸ், யாருக்கு முட்டை ரைஸ் என்று எல்லாரையும் கேட்டு, போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கமுள்ள ஃபாஸ்ட்புட் கடைக்குச் சொல்லிவிடுவார். நாங்கள் போய்ச் சேரும்போது பொட்டலங்கள் கட்டி ஆணியில் தொங்கும். தூக்குச்சட்டிச் சோறே தின்று மரத்துப்போன நாக்குக்கு அது ஒரு திருவிழா.

அன்றைக்கு அக்கா போன் பேசி முடித்துக் கொஞ்ச தூரம் இறங்கியதும் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. போடிக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மேலே அத்தனை மழை, கீழே புழுக்கம் ஆளை வேகவைத்தது. பொட்டலங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் அதே ஆணியில் தொங்கின.

"எப்பண்ணே கட்டுனது?" என்று அக்கா கேட்டார்.

"இப்பத்தான்த்தா" என்றார் கடைக்காரர்.

அக்கா ஒரு பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். விடியுமுன் கட்டிக்கொண்டு போகிற சோறு மலைக் குளிரில் சாயந்தரம்வரை கெடாமல் இருக்கும். கெட்டால் நாறும், நாறாவிட்டால் தின்னலாம், இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. நாறாமலும் சோறு கெடும் என்பதை எனக்கு ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.

தின்ற எல்லாரும் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டோம். நான் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தேன். அக்கா, சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று மகளிடம் சொல்லிவிட்டு வீட்டிலேயே படுத்துவிட்டாராம். கடைசியில் தூக்கிக்கொண்டு வந்தபோது என் கட்டிலைத் தாண்டித்தான் போனார்கள். போர்வைக்கு வெளியே தெரிந்த காலில் அட்டை கடித்த தழும்புகளைப் பார்த்தேன். அவரை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

கடை கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது, பிறகு திறந்துவிட்டார்கள். சூடாகத்தான் கட்டினேன், ஜீப்பு லேட்டானதற்கு நான் என்ன செய்வேன் என்று கடைக்காரர் கேட்டாராம். ஜீப்பு டிரைவர் மண்ணைச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மண்ணா சொன்னது, 'இப்பத்தான்' என்று?

இன்றைக்கும் எந்தக் கடையிலாவது பொட்டலம் தொங்கினால், மோந்து பார்த்துத் தலையாட்டிய அந்த முகம் வந்து நிற்கும். நல்ல சோறு கிடைத்த திருப்தி அதில் இருக்கும். அந்தத் திருப்தியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்காவின் இடத்துக்கு மகள் வேலைக்கு வந்தாள். ஜீப்பில் அதே இடம், கையில் அம்மாவின் போன். ஒரு சம்பள நாள், மெட்டில் டவர் கிடைத்ததும், யார் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். கடைக்காரர் எடுத்தார். அவர் போனில் அக்காவின் பெயர்தானே வந்திருக்கும். மூச்சு மட்டும் கேட்டது.

"மக பேசுறேன் மாமா. இப்பக் கட்டிறாதீங்க. நாங்க வந்து நின்ன பெறகு அடுப்பப் பத்த வைங்க. மொத வாய் நீங்க சாப்பிடணும்."

நாங்கள் போனபோது ஆணி வெறுமையாக இருந்தது. எங்களைப் பார்த்த பிறகுதான் அவர் அடுப்பைப் பற்றவைத்தார். கோழியை எங்கள் கண் முன்னாலேயே கழுவிப் பொரித்து, சோற்றைக் கிளறி, ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றுகொண்டே இருந்தார், விழுங்க முடியவில்லை.

"அன்னைக்கு எப்பக் கட்டுனீங்க மாமா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "அம்மா போன் போட்ட ஒடனே கட்டிட்டேன்த்தா."

"இதத்தான எங்கம்மாவும் கேட்டுச்சு" என்றாள் அவள்.