சாப்பாடு நல்லா இருக்குதுங்க

அண்டாவில் சமைக்கிறவளுக்குத் தன் சமையலின் ருசி தெரியாது. வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கல்யாணத்துக்கும் விடுதிக்கும் சமைக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். விடியற்காலையிலிருந்து ஆவியில் நின்று, தாளிப்புப் புகையை விழுங்கி விழுங்கி, மத்தியானத்துக்குள் நாக்கு மரத்துவிடும். அப்புறம் உள்ளங்கையில் சாம்பாரை விட்டு நக்கிப் பார்த்தால் வெந்நீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

நான் கொல்லிமலையில் ஓர் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் சமைக்கிறேன். மலை ஊர்ப் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். நான் ஆறாவதோடு நின்றவள். "படிக்க மாட்டேன்னு ஓடி வந்தவளை அதே பள்ளிக்கூடத்துல புடிச்சுப் போட்டாங்க பாரு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எனக்கு எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற சுபாவம். மூடியைச் சரியாக மூடினேனா, பல்லி கில்லி விழுந்திருக்குமா, எந்தப் பிள்ளைக்காவது வயிறு வலிக்குமா என்று வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அடுப்படியிலேயே கிடக்கும். ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. வரிசையில் நிற்கிற பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

வரிசையில் முதல் ஆள்

எட்டாம் வகுப்பு பவித்ரா எப்போதும் வரிசையில் முதலாவதாக நிற்பாள். கொல்லிமலையிலேயே குண்டூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா அம்மாவுக்குக் கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் மிளகு. ஒல்லியான பிள்ளை, குரல் மட்டும் கனம். தட்டில் வாங்கியதும் நின்ற இடத்திலேயே ஒரு வாய் தின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். பின்னால் நிற்கிற பிள்ளைகளும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கரண்டியில் எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்வார்கள்.

புளி தூக்கலாக இருந்தால் ஒரு கண்ணை மூடுவாள். காரம் அதிகமானால் நாக்கை நீட்டி விசிறிக்கொள்வாள். நான் உடனே ஒரு சொம்பு வெந்நீரோ ஒரு கை உப்போ சேர்த்துச் சரிக்கட்டிவிடுவேன். ஒரு நாள் பருப்பு குறைவாக வந்திருந்தது. என்ன செய்வது, தண்ணீரை ஊற்றி நீட்டியிருந்தேன். அவள் தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். சாம்பார் சோற்றை விட்டு ஓடியது. "ஏனுங்கக்கா, இன்னிக்கி சாம்பாரு நம்ம அருவியில குளிச்சுட்டு அப்படியே வந்துருச்சுங்களா?"

அஞ்சு மார்க்கு

சாயங்காலப் படிப்பு நேரத்தில் அவள் அடுப்படி வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். குளிருக்கு அடுப்பின் சூடு இதமாக இருக்கும். சமூக அறிவியல் பாடத்தைக் கத்திக் கத்தி மனப்பாடம் செய்வாள். தலைமையாசிரியரே நடத்துகிற பாடம் அது. நான் படிக்கிற காலத்தில் இதெல்லாம் வரும் முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஆகவே காதில் விழுவதெல்லாம் எனக்குப் புதிது.

"பேச்சுரிமை, பேச்சுரிமை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பீன்ஸ் நறுக்கியபடியே, அப்படியென்றால் என்ன கண்ணு என்று கேட்டேன். "மனசுல பட்டதைச் சொல்லலாமுங்க. ஆரும் தடுக்கக் கூடாதுங்க" என்றாள். பிள்ளைகளுக்கும் அது உண்டா என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "எல்லாருக்கும்னுதான் போட்டிருக்குதுங்கக்கா. எப்படியும் பரீட்சைக்கு வருமாமுங்க, அஞ்சு மார்க்கு."

கேட்டால் சொல்ல வேண்டியது

மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் எங்களுக்கெல்லாம் எப்படி இருக்கும் என்று அடுப்படியில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். சுவருக்குச் சுண்ணாம்பு. என்னோடு சமைக்கிற பாப்பாத்திக்கும் எனக்கும் புது ஏப்ரன் கொடுத்தார்கள். அதிகாரி போனதும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார்கள்.

பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்து ஒரு சார் பழக்கினார். சாப்பாடு எப்படி என்று கேட்டால் எல்லாரும் சேர்ந்து, "சாப்பாடு நல்லா இருக்குதுங்க ஐயா." தண்ணீர் வருகிறதா என்றால், "நல்லா வருதுங்க ஐயா." பாட்டுப் போலப் பழகிவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று எழுந்து நின்றது. "சார், நல்லா இல்லாத அன்னிக்கி வந்து கேட்டாங்கன்னா என்னங்க சொல்றது?" சார் சிரித்துவிட்டார். "அவங்க வர்ற அன்னிக்கி நல்லாத்தாண்டா இருக்கும்."

கை தூக்கியவள்

அதிகாரி நல்ல மாதிரியான அம்மாதான். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிள்ளைகள் பாட்டைப் பாடி முடித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த எனக்கு மூச்சு வந்தது. "வேற ஏதாச்சும் சொல்லணுமா? பயப்படாமச் சொல்லுங்க" என்று கேட்டார். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதுதான். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. பவித்ரா கையைத் தூக்கினாள்.

"இன்னிக்கி சோறு நல்லா இருக்குதுங்க. மத்த நாள்ல சோத்துல புழு இருக்குதுங்க. பொறுக்கிப் போட்டுட்டுத்தான் திங்கிறமுங்க. அக்கா நல்லாத்தான் களையறாங்க. மூட்டையிலயே அப்படித்தானுங்க வருது" என்று உட்காராமல், நிறுத்தாமல் சொன்னாள். வேலை போச்சு என்றுதான் முதலில் தோன்றியது. அவள்மேல் கோபம் கூட வந்தது. நான் புடைத்தும் களைந்தும் கண் எரியப் பொறுக்கிய அரிசி அது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. எனக்கும் சேர்த்து வழிவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள்.

அதிகாரி அம்மா குறித்துக்கொண்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி வளைவில் மறைகிற வரைக்கும் தலைமையாசிரியர் கை கூப்பியபடி நின்றார். பிறகு பவித்ராவிடம் வந்து, தலையில் கை வைத்து, மெதுவாகத்தான் கேட்டார். "யாரு பாப்பா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

மிளகு பறிப்பில் இருந்தவர்

மறுநாள் அவள் அப்பாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். மிளகு பறிப்பு நேரம். மரத்தில் இருந்தவர் அப்படியே இறங்கி பஸ் ஏறி வந்திருந்தார். வேட்டியெல்லாம் பாசிக் கறை. டீ கொண்டுபோகிற சாக்கில் நானும் தலைமையாசிரியர் அறைக்குள் போனேன். பள்ளியின் பேர் கெட்டுவிட்டது, நாளைக்குப் ப்ரேயரில் எல்லார் முன்னாலும் இவள் சொன்னது தப்பு என்று சொல்லட்டும், இல்லையென்றால் டிசி வாங்கிக்கொண்டு போங்கள் என்றார் தலைமையாசிரியர். "ஐயா, மூட்டையில அப்படித்தானுங்க வருது, நானே காட்டறேனுங்க" என்றேன். "டீயை வச்சாச்சில்ல, போம்மா" என்றார். நான் கதவுப் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டேன்.

"சொல்லிரு சாமி" என்றார் அப்பா. "நாம இங்க படிக்க வந்தவங்க." பவித்ரா யோசித்தாள். "பொய் சொன்னேன்னு சொல்லோணுமுங்களா, தப்பு செஞ்சேன்னு சொல்லோணுமுங்களா?" என்று கேட்டாள். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. பரீட்சையில் எந்தக் கேள்விக்கு எழுத வேண்டும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஏதோ ஒன்று சொல்லித் தொலை என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து அவள் அப்பா என்னைத் தேடி அடுப்படிக்கு வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "ஏனுங்கம்மா, புழு நெசமாவே இருந்துச்சுங்களா?" இருந்ததுங்க என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பச் செரிங்க. பொய் சொல்ற புள்ளைய வளத்துட்டனோன்னு பஸ்ஸுல வர்றப்பெல்லாம் அதே நெனப்புங்க."

மைக்கில் வந்தது

ப்ரேயர் எனக்கு அடுப்படி ஜன்னல் வழியாகக் கேட்கும். தினமும் செய்தி வாசிக்கிறவள் பவித்ராதான் என்பதால் அவள் குரல் மைக்கில் வருவது புதிதில்லை. அன்றைக்கு அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்திக் கேட்டேன். "சோத்துல புழு இருந்துச்சுங்க. அதைச் சொன்னது தப்புங்க" என்று வந்தது. அவ்வளவுதான். மைக்கை யாரோ வாங்கிக்கொண்டது கர்ரென்று கேட்டது. உடனே நாட்டுப்பண் ஆரம்பித்துவிட்டது.

டிசி கொடுக்கவில்லை. அடித்ததுமில்லை. யாரும் திட்டினதுகூட இல்லை. அவள் இனி செய்தி வாசிக்க வேண்டாம் என்று வேறு பிள்ளையைப் போட்டார்கள். எந்த விழாவிலும் மைக் பக்கம் விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகளை அவளோடு சேராதே என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அவள் வாசற்படிக்கு வந்தாள். புத்தகம் மடியில் இருந்தது, விரல் மட்டும் வரியில் ஓடியது. சத்தம் போட்டுப் படி கண்ணு, எனக்கும் பொழுது போகும் என்றேன். "மனசுக்குள்ளயே படிச்சுக்கறேனுங்கக்கா."

இரண்டு கை உப்பு

ஒன்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் வந்த மூட்டைகளில் அரிசி மாறியது. வெள்ளையாக, புழு இல்லாமல் வந்தது. எதனால் மாறியது என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு வேலை குறைந்தது. ஆனால் வரிசையில் சத்தமும் குறைந்துவிட்டது. பவித்ரா இப்போது கடைசியில் நின்றாள். எப்படி இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் அதே பாட்டு, "நல்லா இருக்குதுங்கக்கா."

ஒரு வெள்ளிக்கிழமை சாம்பாருக்கு நான் உப்புப் போட்டுவிட்டு காய்கறி வண்டிக்காரரைப் பார்க்கப் போனேன். நான் போடவில்லை என்று நினைத்துப் பாப்பாத்தியும் போட்டுவிட்டாள். இரண்டு பேர் சமைக்கிற இடங்களில் இது நடக்கிற காரியம்தான். முன்பெல்லாம் நடந்தால் முதல் தட்டிலேயே தெரிந்துவிடும், உருளைக்கிழங்கை அள்ளிப் போட்டு உப்பைக் குறைத்துவிடுவோம். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் வாங்கினார்கள், தின்றார்கள், தட்டைக் கழுவி வைத்தார்கள். கேட்டேன், நல்லா இருக்குதுங்கக்கா. தண்ணீர் டிரம் மட்டும் சீக்கிரமே காலியானது. குளிர் காலத்தில் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்களே, காய்ச்சலோ என்று அதற்கும் ஒரு கவலைப்பட்டேன்.

எல்லாரும் போன பிறகு நாங்கள் தட்டுப் போட்டு உட்கார்ந்தோம். மரத்துப்போன என் நாக்குக்கே தாங்கவில்லை, முதல் வாயைத் துப்ப வேண்டியதாயிற்று. கடல் தண்ணீரில் சோற்றைப் பிசைந்ததுபோல இருந்தது. மூன்றாம் வகுப்புப் பொடிசுகூட இதைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறதே என்று நினைத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லையே பாப்பாத்தி என்றேன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "உப்பைத் தின்னா தண்ணி குடிச்சாத் தீந்துருமுங்கக்கா. பேசினா ஊட்டுல இருந்து அப்பனைக் கூப்புடறாங்க. புள்ளைங்க கணக்குப் போடாதுங்களா?"

காரவள்ளியில் நின்ற பஸ்

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போன பவித்ரா திரும்பி வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். பிறகு மனசு பொறுக்காமல் தலைமையாசிரியரிடமே கேட்டேன். "நாங்க யாரும் போகச் சொல்லலையேம்மா, அவங்களாத்தான் நின்னுட்டாங்க" என்றார். கணக்குக்கு அது சரிதான்.

மாசி மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நாமக்கல் போய்விட்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மலையேறுவதற்கு முன் பஸ் காரவள்ளியில் நின்றது. டீ குடிக்க இறங்கினேன். எதிர்ப்பக்கம் கோழிப்பண்ணை வேன் வந்து பெண்களை இறக்கிவிட்டது. அதில் ஒருத்தியாகப் பவித்ரா இறங்கினாள். தலையில் துண்டு கட்டி, கையில் சாப்பாட்டுத் தூக்குப் போசியோடு, பெரியவள் மாதிரி இருந்தாள். முடியில் ஒரு சின்ன வெள்ளை இறகு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். அத்தை வீட்டில் இருக்கிறாளாம், முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குகிற வேலையாம்.

அங்கே யாரோடாவது பேசுவாயா கண்ணு என்றேன். "அத்தனை கோழி கத்தறப்ப நாம பேசறது ஆருக்குங்கக்கா கேக்கும்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பழைய வரிசை ஞாபகம் வந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டேன். வந்துரு சாமி, அரிசியெல்லாம் இப்ப நல்லா வருது, நீ சொன்னதுனாலதான் மாறிச்சு, நான் வந்து சாருகிட்டப் பேசறேன், எட்டாவதாவது முடிச்சுரு என்று மூச்சு விடாமல் சொன்னேன். அரிசி மாறியது என்றதும் அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். இறகை அவள் முடியிலிருந்து எடுத்தேன். அவள் என் பையை வாங்கி பஸ் படியில் ஏற்றி வைத்தாள்.

பஸ் கிளம்பியதும் ஜன்னல் பக்கம் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தாள். நான் வந்துரு என்றதற்கு அப்போதுதான் பதில் சொன்னாள். "வந்தா மறுபடியும் சொல்லீருவேனுங்கக்கா. அதுக்குத்தானுங்க வரலை."

உங்களில் யாராவது நிறையப் பேருக்குச் சமைக்கிறவராக இருந்து, வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே குரலில் சாப்பாடு நல்லா இருக்குதுங்க என்று சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் போய் உப்பைப் பாருங்கள்.