நாற்பதடியும் இரண்டு விரலும்

எங்கள் அத்தான் தையல்காரர். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் தைத்த சட்டையைத்தான் போடுகிறேன். எதை வெட்டினாலும் அளவுக்கு மேல் இரண்டு விரல் விட்டுத்தான் வெட்டுவார். தொப்பை போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ளலாமாம். எனக்கும் போட்டது. மனிதர் தீர்க்கதரிசி.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி. பிழைத்து வீடு வந்தவர், ஆறு மாதம் சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா என்னிடம் அழுதாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிப் பறவைகள் சரணாலயத்தில் முள் வெட்டவும் எல்லைக் கம்பம் நடவும் போகிற தன்னார்வலர்களில் நானும் ஒருவன். அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம் எனக்கு முன்னால் வாசலில் தயாராக நின்றார், கழுத்தில் தையல் டேப்போடு. அந்த ஏரிக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

ஏரிக்குப் போக ஒரே வழி தோட்டக்காரம்மாவின் நிலம். ஞாயிறு மட்டும் கேட்டைத் திறந்துவிடுவார். கரையிலுள்ள பழைய கற்களிலிருந்து நாற்பதடி வரை சரணாலயம், அதற்கப்பால் அவர் தோட்டம். அந்த எல்லையில்தான் பதினான்கு கம்பம் நட வேண்டும். எங்கள் நீள டேப் அறுந்துபோனதால், அத்தான் தன் ஐந்தடி டேப்பை எட்டெட்டுத் தடவை வைத்து அளந்தார். நட்டு, பெயிண்ட் அடித்து, டீ குடிக்கும்போது அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மாப்ளே, ஒவ்வொரு தடவையும் ரெண்டு விரல் விட்டுத்தான்டா டேப்பை நகர்த்தியிருக்கேன்!"

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். எட்டுத் தடவைக்குப் பதினாறு விரல்; எல்லாக் கம்பமும் ஓரடி தோட்டத்துக்குள் நின்றது.

"ஓரடி யாருக்குத் தெரியப்போகுது அத்தான்? சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க. அந்தம்மா வழியை மூடிட்டா?"

"மூடினா நான் மறுபடியும் அந்தச் சுவரைத்தான்டா பார்க்கணும்" என்றார். சொல்லிவிட்டு, நேரே அந்தம்மா வீட்டை நோக்கி நடந்தார்.

வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்த அந்தம்மா முழுவதும் கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கம்பம் கம்பமாகப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் இதை எத்தனையோ பேர் அளந்தாங்க. ஆளுக்குக் கொஞ்சம் ஓரத்தைக் கடிச்சுட்டுத்தான் போனாங்க. எடுத்துட்டேன்னு வந்து சொன்ன ஆள் நீங்க ஒருத்தர்தான்."

"பிரிச்சுத் தைச்சுக் கொடுத்துடறேம்மா" என்றார் அத்தான், தலையைக் குனிந்தபடி. அந்தம்மா சிரித்துவிட்டார்.

அன்றே பதினான்கையும் பிடுங்கினோம். மதியத்துக்கு மேல் அந்தம்மாவே கடப்பாரையோடு வந்து குழி தோண்டினார். கிளம்பும்போது கேட்டின் சாவியை அத்தான் கையில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குன்னு காத்திருக்க வேண்டாம் அண்ணே. தினமும் வாங்க."

அத்தான் சாவியை டேப் நுனியில் முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் நன்றி சொன்னேன்.