மலை என்று நினைத்த மேடு

அண்டார்க்டிகாவின் பனித்தட்டு கடலை நோக்கி நாளுக்கு எவ்வளவு நகர்கிறது என்று நெய்வேலி குவார்ட்டர்ஸில், மின்விசிறிக்குக் கீழே பனியனோடு உட்கார்ந்து சொல்கிறவன் நான். நேரில் நான் பார்த்த பெரிய பனிக்கட்டி, ஜூஸ் கடையில் சாக்கு போர்த்திக் கிடப்பதுதான். செயற்கைக்கோள் ரேடார் சில நாள் இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டால் நகர்வு தெரிந்துவிடும். ஒரே நிபந்தனை, அசையாத பாறை ஒன்றைப் பிடித்து, அதை வைத்துத்தான் மற்றதை அளக்க வேண்டும்.

இதைப் பெரியம்மா மகளிடம் பீற்றிக்கொண்டது என் வாய்க்கொழுப்பு. குறிஞ்சிப்பாடி போகும் வழியில் அக்காவின் வீடு. சுவரில் வெடிப்பு. கணவனைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு வந்துவிட்ட மகளுக்கு மாடியில் ஓர் அறை கட்ட நினைத்திருந்தாள். வீடே இறங்குகிறது, மாடி தாங்காது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள்.

“எங்கியோ கெடக்குற ஐஸ அளந்துகினு இருக்கியே தம்பி, எங்க வூட்ட கொஞ்சம் பாரேன். புள்ளைங்கள வச்சிகினு அவ எங்க போவா?”

அதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். அசையாத இடமாகச் சுரங்க மண்மேட்டை வைத்துக்கொண்டேன். டவுன்ஷிப்பில் பிறந்தவனுக்கு வேறு மலை ஏது?

“அக்கா, உங்க வீடு இறங்கலை. ஏறுது!”

மறுநாளே வாசலில் செங்கல் வந்து இறங்கியது. தெருவெல்லாம் அதே பேச்சு.

எனக்குத்தான் உறுத்தியது. மறுபடி பார்த்தால் எங்கள் குவார்ட்டர்ஸ் ஏறுகிறது, பஸ் ஸ்டாண்டும் ஏறுகிறது. அடச்சே! ஊர் ஏறவில்லை, மேடுதான் அமுங்குகிறது; அதை வைத்து அளந்தால் மற்றதெல்லாம் ஏறுவதுபோலத்தான் தெரியும். தோண்டிக் கொட்டிய மண் பாறையாகிவிடுமா? அண்டார்க்டிகாவில் ஒருமுறைகூட இப்படிச் சறுக்கியதில்லை. மானம் போனது. தூரத்துப் பழைய கட்டடங்களை வைத்துத் திரும்ப அளந்தேன். அக்காவின் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. மேஸ்திரியும் வந்து தட்டிப் பார்த்து, வெடிப்பு வெறும் பூச்சில்தான், தாராளமாகக் கட்டலாம் என்றார்.

அசடு வழிய அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அந்த மேட்டயா மலைன்னு வச்சிகினே? எங்க மாமனாரு வயலு மண்ணு அது. சொரங்கத்துக்கு வயல எடுத்துகினு தோண்டுனப்ப அங்கதான் கொட்டுனாங்க. என்னக் கேட்டிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பேனே.”

பிறகு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, மேடு இருந்த திசையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றிருந்தது.

“வூடு அசையல, சந்தோசம். வயலுதான் இன்னும் எறங்கிகினு இருக்குது.”