பின்னாடி லாக் இருக்குதுங்க

எனக்கு அவசரம் கொஞ்சம் அதிகம். எதிரில் இருப்பவர் பேச்சை முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன். பதினாலு வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்ததால் வந்த பழக்கம் என்று சாக்குச் சொல்வேன். அதற்கு முன்பும் நான் இப்படித்தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த அவசரத்தால் ஒரு நல்ல வண்டியைக் கைநழுவ விட இருந்தேன்.

தையலை விட்டுவிட்டு அப்போது நான் வாடகை பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தேன். திருப்பூரில் துணி ரோல்களை ஏற்றி, தைக்கிற இடத்தில் கொண்டுபோய் இறக்குகிற வேலை. ஊத்துக்குளிக்கு அப்பால் ஒரு மேட்டின் உச்சியில் அப்படி ஒரு தையல் யூனிட். தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் யூனிட் வாசல் வரைக்கும் செம்மண் ஏற்றம்தான். வெயில் காலத்தில் அது பாதை என்றே தோன்றும். ஒரு மழை பெய்துவிட்டால் போதும், நம் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். இரண்டு தடவை அங்கே நின்றுவிட்டேன். இடது பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வெறுமனே சுற்றும். வலது சக்கரம் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி ஆடாமல் அசையாமல் நிற்கும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இறங்கி அதை ஓர் உதை உதைத்தேன். கால்தான் வலித்தது.

யூனிட் ஓனர் மரியாதையாகத்தான் சொன்னார்.

“திங்கக்கெழமைல இருந்து தெனமும் லோடு இருக்குதுங்க. நிக்காம மேல ஏறி வர்ற வண்டியா இருந்தா உங்களுக்கே தர்றனுங்க. இன்னொருக்கா நின்னுச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன், கோவிச்சுக்காதீங்க.”

தினமும் லோடு! அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சொந்த வண்டி வாங்கலாம். யாரிடமும் சாவிக்குக் காத்து நிற்க வேண்டாம். ஆனால் வாங்குகிற வண்டி அந்த மேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் வேலையும் இல்லை, வண்டி மட்டும் வாசலில் நிற்கும்.

வெள்ளிக்கிழமை குன்னத்தூரில் ஒரு தோட்டக்காரரின் பழைய பிக்கப்பைப் பார்க்கப் போனேன். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டதால் வண்டியை விற்கிறார். சாவியைப் போட்டதும் முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவர் வண்டியின் பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“பின்னாடி லாக் இருக்குதுங்க அம்மிணி. அதுக்காவத்தான் தேடிப் புடிச்சு வாங்குனது.”

நான் பின்னால் போய்ப் பார்த்தேன். பின்கதவின் கொக்கி உடைந்து, தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏனுங்க, லாக்கு இந்தக் கயித்துலீங்களா இருக்குது?”

“அது இல்லீங்க, நான் சொல்றது வந்து…”

“பரவால்லீங்க, பரவால்லீங்க. கொக்கி நான் மாத்திக்கறேன்.”

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு மறுநாள் பதில் சொல்வதாகப் பேச்சு.

அனுப்பர்பாளையத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், என் வயதுக்காரர்தான். நான் போய் இறங்கியதுமே விஷயத்தைப் போட்டு உடைத்தேன். எனக்கு வேறெதுவும் தெரிய வேண்டாம், இந்த வண்டி சேற்றில் நிற்குமா, ஏறுமா?

“அது பின்னால டிஃபரன்ஷியல் என்ன டைப்புங்கதப் பொறுத்து இருக்குக்கா” என்றார்.

பின் அச்சின் நடுவில் குடம் மாதிரி உப்பி இருக்கிறதே, அதற்குள் இருக்கும் பல்சக்கரக் கூட்டம்தான் டிஃபரன்ஷியல். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடினால் போதும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் ஓட விடுவது அதன் வேலை. சாதா வகையில் ஒரு கோளாறு உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், சுற்று முழுவதும் அதற்கே போய்விடும். கெட்டித் தரையில் நிற்கிற சக்கரத்துக்கு ஒன்றும் கிடைக்காது. வேறொரு வகையில் இரண்டு சக்கரமும் சேர்ந்துகொள்ளும், வண்டி ஏறிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

அவர் அடியில் படுத்து, சேற்றைச் சுரண்டி, வகையைக் குறித்த தகடு ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். தகடு இருந்த இடத்தில் ஒரு போல்ட் மட்டும் இருந்தது. பிறகு முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தினார். கியர் நியூட்ரல்.

“இந்தச் சக்கரத்த மெதுவாச் சுத்துங்கக்கா. அந்தப் பக்கத்துச் சக்கரமும் இதே திசையில சுத்துச்சுன்னா நீங்க கேக்குத வண்டிதான். எதுத்தாப்புல சுத்துச்சுன்னா சாதா.”

இடது சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னோக்கி உருட்டினேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் உடனே குரல் கொடுத்தார்.

“பின்னால போகுதுக்கா. சாதாதான்.”

இன்னொரு தடவை உருட்டினேன். மூன்றாவது தடவையும் உருட்டினேன். நான் கெஞ்சினால் அது மனம் மாறுமா என்ன? என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பட்டறைப் பையனை டீ வாங்கி வர அனுப்பினார். நான் குடிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வண்டியைத் திருப்பிவிடக் குன்னத்தூருக்குப் போனேன். அழுகையும் கோபமும் கலந்து வந்தது. சாவியை நீட்டி, “மேட்டுல ஏறாதுங்க, எனக்கு வேண்டாம்” என்றேன். தோட்டக்காரர் வாங்கவில்லை.

“மெக்கானிக்குகிட்ட லாக் இருக்குதுன்னு சொன்னீங்களா?”

“கயிறு கட்டுனதைச் சொல்லி என்னங்க ஆகப்போகுது?”

அவர் சிரிக்கத் தொடங்கி, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

“நான் கதவச் சொல்லலீங்க அம்மிணி! அச்சுக்குள்ள லாக் இருக்குதுங்க. நேத்து சொல்ல வந்தனுங்க, நீங்க உட்டாத்தான?”

பதினாலு வருடம் ஓவர்லாக் ஓட்டியவளுக்கு லாக் என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. நானே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், எதிர்த் திசையில்தான் போனது என்றேன்.

“மெல்லச் சுத்துனா சாதா வண்டியாட்டத்தான் இருக்குமுங்க. ஒரு சக்கரம் வெறுமனே வேகமாச் சுத்தோணும். அப்பத்தான் உள்ள லாக் உழுகும். வாங்க, காட்டறேன்.”

வாய்க்கால் ஓரத்தில் ஒரு சேற்றுக் குழி இருந்தது. இடது பின்சக்கரம் குழிக்குள், வலது சக்கரம் கெட்டித் தரையில். அப்படி நிறுத்திவிட்டு என்னையே ஓட்டச் சொன்னார். முதல் கியர் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன். இடது சக்கரம் விர்ரென்று சுற்றியது, சேறு பறந்தது. பழைய கதைதான் என்று காலை எடுக்கப் போனேன்.

“எடுக்காதீங்க! மிதிங்க!”

மிதித்தேன். அடியிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். வண்டி முதுகில் அடி வாங்கியது போலக் குலுங்கியது. அடுத்த நொடி குழிக்கு வெளியே நின்றேன். நான் போட்ட கூச்சலில் தென்னையிலிருந்து காக்கைகள் கிளம்பின. மறுபடி குழியில் இறக்கி மறுபடி ஏற்றினேன். ஐந்து தடவை. ஆறாவது தடவைக்கு அவர் கைகூப்பிவிட்டார்.

அங்கிருந்தே மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். “நெசமாவாக்கா சொல்லுதிய? நான் மெதுவால்ல சுத்தச் சொன்னேன்!” என்று அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். அன்று மாலையே வண்டி என் கைக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து மழை. இருபத்து நாலு ரோல் வெள்ளைத் துணி, ஒவ்வொன்றும் பாலிதீன் உறையில். மேட்டடியில் நின்று மேலே பார்த்தேன். யூனிட் வாசலில் ஓனர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். பாதி ஏற்றத்தில் இடது சக்கரம் வழுக்கியது. விர்ரென்று சுற்றியது. அவர் தலையை ஆட்டியது கண்ணாடி வழியே தெரிந்தது. நான் காலை எடுக்கவில்லை. டக்! அந்தக் குலுக்கலில் என் தலை பின்னால் போய் இடித்தது. வண்டி ஒரே மூச்சில் மேலே போய் நின்றது. நான் ஹாரனை ஒரு பாட்டம் விடாமல் அழுத்திவிட்டு இறங்கினேன்.

ரோல்களை இறக்கி எண்ணினார்கள். இருபத்து மூன்று.

பின்னால் போய்ப் பார்த்தேன். கயிறு அறுந்து பின்கதவு தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கி மாற்ற வேண்டும் என்பது எனக்கு மூன்று நாளாக ஞாபகமே இல்லை. ஓனரும் நானும் ஏற்றத்தில் இறங்கினோம். லாக் விழுந்த அதே இடத்தில், செம்மண் தண்ணீரில் ஒரு ரோல் படுத்துக் கிடந்தது. அவர் குனிந்து உறையின் ஒரு நுனியைப் பிரித்தார். உள்ளே துணி வெள்ளையாகவே இருந்தது. என் உயிர் திரும்பி வந்தது.

“ஏனுங்க, பின்னாடி லாக் இல்லீங்களா?”

“இருக்குதுங்க!” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. சொன்ன பிறகுதான் அவர் கதவைக் கேட்கிறார் என்று புரிந்தது. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர், “நாளைக்கு…” என்று ஆரம்பித்து, ரோலைத் தூக்குவதற்காக நிறுத்தினார். நாளைக்கு வர வேண்டாம் என்கிறாரா? நாக்கின் நுனியில் நூறு வார்த்தை துடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒருவர் பேசி முடிக்கட்டும் என்று மழையில் நின்றேன்.

ரோலைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் முடித்தார்.

“நாளைக்கு வர்றப்ப அந்தக் கொக்கியச் சரி பண்ணிட்டு வந்துருங்க.”