ஆறும் வரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் பார்த்தது பீம் நிமிர்த்தும் வேலை. வெல்டிங் போட்டதும் இரும்பு பீம் ஒரு பக்கமாக வளைந்துவிடும். சுத்தியலால் அடித்தால் அசையாது. புடைத்து நிற்கும் வெளிப்பக்கத்தில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு, அந்த இடத்தை மட்டும் கேஸ் டார்ச்சால் சிவக்கக் காய்ச்ச வேண்டும். காயும்போது பீம் இன்னும் கொஞ்சம் வளையும். புதிதாகப் பார்ப்பவன் வேலை கெட்டுப்போச்சு என்றே நினைப்பான். ஆறும்போதுதான் சூடு பட்ட இடம் சுருங்கி பீமை நேராக்கும். அதனால் சூடு காட்டியதும் டார்ச்சை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். பக்கத்திலேயே நின்றால் கை சும்மா இருக்காது, எதையாவது செய்து கெடுத்துவிடும்.

நான் கான்ட்ராக்ட். திடீரென்று நிறுத்துவார்கள், நினைத்தால் கூப்பிடுவார்கள். என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு பள்ளிப்பட்டில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்கே போய்விட்டாள்.

"இன்னிக்கு டப்பு இருக்கு, நாளைக்கு இல்லைன்னு இன்னும் எத்தினி நாளு ஓட்டுறது? பர்மனென்ட் ஆனா சொல்லு, வரேன். இல்லைன்னா எங்க நைனா ஊட்லியே இருந்துக்கிறேன்" என்றாள்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

அப்போதுதான் பர்மனென்ட்டாக ஓர் ஆளை எடுப்பதாகப் பேச்சு வந்தது. போட்டிக்கு இரண்டு பேர்: நானும் மானேஜரின் மைத்துனனும். அவனும் வேலை தெரிந்தவன்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆளுக்கொரு பீம் நிமிர்த்திக் காட்ட வேண்டும், முதலாளியே வந்து பார்ப்பார் என்றார்கள். முதலாளிக்கு வியாபாரம் தெரியும். நெருப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதலில் என்னை விட்டார்கள். முக்கோணங்களை வரிசையாகக் காய்ச்சி முடித்தேன். எதிர்பார்த்தபடியே பீம் இன்னும் வளைந்தது. முதலாளியின் முகம் சுருங்கியது. டார்ச்சை அணைக்கப் போனேன்.

"யோவ், இன்னாய்யா பண்ற? நிமித்தச் சொன்னா வளைச்சிக்கினு கீற?" என்று மானேஜர் கத்தினார்.

"ஆறட்டும் சார். ஆறுனா தானா வந்துரும்."

"முதலாளி நின்னுக்கினு கீறாரு, உனக்கு ஆறணுமா? உள்பக்கம் காட்டுய்யா!"

குழிந்து நிற்கும் உள்பக்கத்தில் சூடு காட்டக் கூடாது. காட்டினால் சூட்டோடு பார்க்க நேரானது போலத் தெரியும், ஆறியதும் பழையபடி வளைந்துகொள்ளும். மானேஜர் இந்தப் பட்டறையிலேயே தலை நரைத்தவர். அவரே சொல்கிறாரே, பீமில் ஏதோ கோளாறைப் பார்த்துவிட்டார் போல என்று நினைத்துவிட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. எதிர்த்து நிற்கத் தைரியமில்லை. உள்பக்கம் காட்டினேன். பீம் கண்ணெதிரிலேயே நிமிர்ந்தது. முதலாளி தலையாட்டினார். ஆறியதும் அதே வளைவு திரும்ப வந்து நின்றது. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

"இவ்ளோதான் சார் இவன் வேலை" என்றார் மானேஜர்.

அடுத்து மைத்துனன் வந்தான். அவனும் முக்கோணம் போட்டான், காய்ச்சினான். அவன் பீமும் என்னுடையது போலவே இன்னும் வளைந்தது. முதலாளி வாயைத் திறப்பதற்குள் மானேஜர் குழைந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார். இரும்பை அவசரப்படுத்தக் கூடாது. ஆறுனா தானா வந்துரும்."

என் வார்த்தை. ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. ஓர் இரும்புத் துண்டை எடுத்து அவர் மண்டையில் போடலாமா என்றுகூடத் தோன்றியது. மைத்துனன் என் பக்கமே திரும்பாமல் டார்ச்சை மாட்டிவிட்டுப் போனான். மானேஜர் முதலாளியை அறைக்கு அழைத்துப்போய் ஏசியில் உட்கார வைத்தார். அந்தப் பீம் யாரும் தொடாமல், யாரும் கத்தாமல், நிதானமாக ஆறியது.

திரும்பி வந்ததும் மானேஜர் என்னைக் கூப்பிட்டார். பீம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடிக்க வேண்டும். அங்கே சும்மா நின்ற ஆட்கள் எத்தனையோ பேர். நூல் என் கைக்குத்தான் வந்தது.

பிடித்தேன். நூலுக்கும் இரும்புக்கும் நடுவில் எங்கும் இடைவெளி இல்லை.

"எப்டிய்யா கீது?"

"நேரா இருக்கு சார்."

"முதலாளிக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னேன்.